பிட் மாறலாம், ஜீரோ மாறக் கூடாது

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக, திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை மட்டும் எடுத்திருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ராஜபாளையத்திலிருந்து பேசுறேன். பின்னாடி மெல்லிசா ஒரு இரைச்சல் கேட்டா மன்னிச்சுக்கோங்க. பக்கத்து ஷெட்டில் மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு. நிறுத்தினா இன்னைக்கு வேலை முடியாது.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு காலேஜ் தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். மேஜை மேல வைக்கிற 3018 சிஎன்சி மெஷின் ஒண்ணு வாங்கியிருக்கார். "அண்ணா, ஒரே பிட்டுல முடியுற வேலை எல்லாம் சூப்பரா வருது. ரெண்டு பிட் தேவைப்படுற வேலைன்னா, ரெண்டாவது பிட் ஒண்ணு காத்துல ஓடுது, இல்லைன்னா மரத்துக்குள்ள புதையுது. மெஷின்ல ஃபால்ட்டா?"

தம்பி, மெஷின்ல ஃபால்ட் இல்லை. இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன், அதுவும் திரும்பக் கிடைக்காத ஒரு மரத்துல. அந்தக் கதையைச் சொன்னா உங்களுக்கான பதிலும் அதுக்குள்ளயே வந்துடும்.

டீச்சரம்மாவின் உத்திரம்

ராஜபாளையம்னா வெளியூர்க்காரங்களுக்கு நூல் மில்லும் நாயும்தான் ஞாபகம் வரும். எங்க அப்பாவும் மில்லுல இருந்தவர்தான். நான் மரப் பக்கம் வந்துட்டேன். எங்க பட்டறையில் ஒரு சிஎன்சி ரவுட்டர் இருக்கு. கதவு, பூஜை ரூம் பேனல், கட்டில் தலைமாடு, இந்த மாதிரி வேலைகள்.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து ரிட்டையர் ஆன ஒரு டீச்சரம்மா ஒருநாள் மினி லாரியில் ஒரு தேக்கு உத்திரத்தை ஏத்திக்கிட்டு வந்தாங்க. அவங்க அப்பா கட்டின ஓட்டு வீட்டை இடிச்சுப் புது வீடு கட்டுறாங்க. "இதை அறுத்துப் பூஜை ரூம் கதவு பண்ணிக் குடுங்க தம்பி. நடுவுல நம்ம கோபுரம் இருக்கணும்"னாங்க.

'நம்ம கோபுரம்'னா ஆண்டாள் கோயில் ராஜகோபுரம். பதினொரு நிலை, கிட்டத்தட்ட 192 அடி. அரசு முத்திரையில் இருக்கிறது இந்தக் கோபுரம்தான்னு அந்த ஊர்ல சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். அதனால ஒரு நிலை குறைஞ்சாலும் எண்ணிக் கண்டுபிடிச்சுடுவாங்க.

உத்திரத்தை அறுத்து, பலகைகளை ஒட்டி, 500 மிமீ அகலம், 750 மிமீ உயரத்துக்கு ஒரு பேனல் ஆக்கினோம். அதுல 10 மிமீ ஆழத்துக்குப் புடைப்புச் சிற்பம். கிரகப்பிரவேசத்துக்கு அஞ்சு நாள் இருந்துச்சு.

இந்த மாதிரி வேலைக்கு ஒரு பிட் போதாது. முதல்ல 6 மிமீ தட்டை முனை பிட் போட்டு, வேண்டாத மரத்தை மொத்தமா அள்ளணும். இதை ரஃப்பிங்னு சொல்றோம். அப்புறம் முனை உருண்டையா இருக்கிற 3 மிமீ பால்நோஸ் பிட் போட்டு, நெல்லு வயலை உழுற மாதிரி வரி வரியா ஓட்டணும். அது ஃபினிஷிங். கடைசியா ஓரம் வெட்ட வேற பிட்.

ஃபினிஷிங்கில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 0.3 மிமீ இடைவெளி வச்சோம். கணக்குப் போட்டுப் பாருங்க. 750 மிமீ உயரத்துக்கு 2,500 வரி. ஒவ்வொரு வரியும் அரை மீட்டர். மொத்தம் 1,250 மீட்டர். ஒரு சின்ன பிட் ஒண்ணேகால் கிலோமீட்டர் நடக்கணும். நிமிஷத்துக்கு 3 மீட்டர் வேகத்துல ஓட்டினா ஏழு மணி நேரம். அவ்வளவு நெருக்கமா ஓட்டினா வரிகளுக்கு நடுவுல நிக்கிற மேடு 0.0075 மிமீ தான். கை வச்சா வழவழன்னு இருக்கும். இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஏழாவது நிலையில் ஒரு ஆணி

கோபுரத்தோட அடியிலிருந்து மேல் நோக்கி ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாலரை மணி நேரம் ஆச்சு. ஏழாவது நிலை கிட்ட 'டிக்'னு ஒரு சத்தம். பார்த்தா பிட்டோட முனையைக் காணோம். உத்திரத்துக்குள்ள எந்தக் காலத்துலயோ அடிச்ச ஒரு ஆணி, தலை போய், மரத்துக்குள்ளயே மூழ்கிக் கிடந்திருக்கு. பழைய மரம் வாங்குறவங்க முதல்ல காந்தத்தை வச்சுத் தடவிப் பார்க்கணும். நான் பார்க்கலை. அது முதல் தப்பு.

ஆணியை உளி வச்சுத் தோண்டி எடுத்தோம். அதே மரத்துல ஒரு துண்டு செதுக்கி ஒட்டினோம். பசை காஞ்சதும் புது பால்நோஸ் பிட்டை மாட்டினேன். இனி இசட் ஜீரோ எடுக்கணும், அதாவது பிட்டோட முனை மரத்தோட மேல்மட்டத்தைத் தொடுற உயரத்தை மெஷினுக்குச் சொல்லணும்.

காலையில முதல் பிட்டுக்கு இடது கீழ் மூலையில ஜீரோ எடுத்திருந்தேன். இப்ப அந்த மூலையில மேல்மட்டமே இல்லை. ஓரத்துல வர்ற கொடி டிசைனுக்காக அங்க செதுக்கி முடிச்சாச்சு. வலது மேல் மூலையில மட்டும் கொஞ்சம் தொடாத மரம் இருந்துச்சு. அங்க பேப்பரை வச்சு, பிட்டை இறக்கி, ஜீரோ எடுத்து, உடைஞ்ச வரியிலிருந்து ஸ்டார்ட் குடுத்துட்டுச் சாப்பிடப் போயிட்டேன். அது ரெண்டாவது தப்பு. மூணாவதா, சாப்பிட நாற்பது நிமிஷம் எடுத்துக்கிட்டேன்.

திரும்பி வந்து தூளை ஊதிப் பார்த்தா, கோபுரத்துக்குக் குறுக்கே ஒரு படி. கீழ ஆறே முக்கால் நிலை ஒரு மட்டம், அதுக்கு மேல வேற மட்டம். வெர்னியர் வச்சு அளந்தேன், 0.6 மிமீ. கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். வரி மேடு 0.0075 தான்னு சொன்னேன்ல? இது அதைப் போல 80 மடங்கு. பாலிஷ் போட்டு விளக்கு ஏத்தினா, அந்தக் கோடுதான் முதல்ல கண்ணுக்குத் தெரியும்.

மெஷினுக்குத் தெரியாத ஒரு விஷயம்

ஏன் இப்படி ஆச்சு? சிஎன்சி மெஷினுக்குத் தன்னோட ஸ்பிண்டில் எங்க இருக்குன்னு தெரியும். பிட் எவ்வளவு நீளத்துக்குத் துருத்திக்கிட்டு இருக்குன்னு தெரியாது. நாமதான் சொல்லணும். ஒரு பிட்டைக் கழட்டிட்டு, அதைவிட 3 மிமீ நீளமான பிட்டை மாட்டி எதுவும் சொல்லாம விட்டா, 3 மிமீ ஆழமா வெட்டும். குட்டையான பிட்டா இருந்தா காத்துல ஓடும். கோயம்புத்தூர் தம்பிக்கு நடந்தது இதுதான். அதே பிட்டைக் கழட்டி மாட்டினாலும் நீளம் மாறும், ஏன்னா முன்னாடி நின்ன அதே உயரத்துல அது திரும்ப நிக்காது.

நான் சொல்லத்தான் செஞ்சேன், ஆனா வேற இடத்தைத் தொட்டுச் சொன்னேன். பலகை லேசா வளைஞ்சிருந்துச்சு. காலையில தொட்ட மூலை 0.6 மிமீ தூக்கிக்கிட்டு இருந்திருக்கு. மதியம் தொட்ட மூலை படிஞ்சிருந்துச்சு. ரெண்டுமே 'மரத்தோட மேல்மட்டம்'தான், ஆனா ரெண்டும் ஒரே உயரம் இல்லை. பிட்டுகளுக்கு நடுவுல நான் அளவுகோலையே மாத்திட்டேன்.

"மேல இருக்கிறதை ஏத்த முடியாது"

எங்க பட்டறையில கை வேலைக்கு ஒரு பெரியவர் வருவார். மெஷின் எவ்வளவு நல்லா ஓடினாலும் அவர் இல்லாம வேலை முடியாது. 3 மிமீ உருண்டை முனை போற மூலையெல்லாம் 1.5 மிமீ வளைவோடதான் நிக்கும். கூர்மையான உள்மூலை வேணும்னா உளிதான் போகணும்.

அவர் வந்து பேனலைத் தடவிப் பார்த்தார். "என்னப்பா, நடுவுல வரப்பு கட்டியிருக்க?"

"ஜீரோ மாறிருச்சு அண்ணாச்சி. மேல இருக்கிறது ஆழமாப் போயிருச்சு. பலகை வேஸ்ட்டு."

"மேல இருக்கிறதை இனி ஏத்த முடியாது. கீழ இருக்கிறதை இறக்கு."

அவருக்கு ஜி-கோட் தெரியாது. ஆனா அவர் சொன்னதுதான் சரியான வழி. நான் மெஷின்ல ஜீரோவைத் தொடவே இல்லை. பிட்டையும் தொடலை. அதே 'தப்பான' ஜீரோவோட ஃபைலை முதல் வரியிலிருந்து திரும்ப ஓட விட்டேன். கீழ ஆறே முக்கால் நிலையும் 0.6 மிமீ இறங்கிச்சு. ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு ஏழு மணி நேரம். விடியும்போது கோடு இல்லை. பலகை தடிமனா இருந்ததால 0.6 போனது யாருக்கும் தெரியாது.

அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டது இதுதான். ஜீரோ கச்சிதமா மரத்தோட மேல்மட்டத்துல இருந்தே ஆகணும்னு இல்லை. ஆனா ஒரு வேலையில ஓடுற எல்லாப் பிட்டுக்கும் அது ஒண்ணா இருக்கணும். அப்பா கிட்டச் சொன்னப்போ, "மில்லுல நூல் அறுந்தா அறுந்த இடத்துலயே முனையைப் பிடிச்சு ஒட்டணும், வேற எங்கயாவது பிடிச்சா அங்க முடிச்சு தெரியும்"னார். அதே கதைதான்.

எல்லாப் பிட்டும் ஒரே இடத்தைத் தொட மூணு வழி

முதல் வழி, ரொம்ப எளிசு. மரத்தோட மேல்மட்டத்துல ஜீரோ எடுக்காம, மரத்துக்கு அடியில இருக்கிற மெஷின் பெட்ல எடுங்க. பெட் மேல போட்டிருக்கிற எம்டிஎஃப் பலகை வேலை முடியுற வரைக்கும் மாறாது. எத்தனை பிட் மாத்தினாலும் அதே இடத்தைத் தொடலாம். சாஃப்ட்வேர்ல டிசைன் பண்ணும்போதே 'ஜீரோ அடியில'னு குடுத்து, மரத்தோட தடிமனை வெர்னியரால அளந்து போடணும். அவ்வளவுதான்.

ரெண்டாவது, மேல்மட்டத்துலதான் எடுப்பேன்னா, செதுக்கல் படாத ஒரு மூலையை முதல்லயே ஒதுக்குங்க. பென்சிலால ஒரு வட்டம் போடுங்க. எல்லாப் பிட்டுக்கும் அந்த வட்டம்தான். நான் இதைச் செஞ்சிருந்தா இந்த எபிசோடே இல்லை.

மூணாவது, டூல் செட்டர். பெட்டோட ஓரத்துல நிரந்தரமாப் பொருத்தின ஒரு சின்ன பட்டன். பிட் தொட்டதும் சிக்னல் போகும். இதுக்குக் கொஞ்சம் கணக்கு இருக்கு, ஒரு உதாரணம் சொல்றேன். முதல் பிட் செட்டரைத் தொடும்போது மெஷின் காட்டுற உயரம் மைனஸ் 82.40. அதே பிட் மரத்தைத் தொடும்போது மைனஸ் 64.10. ரெண்டையும் எழுதி வச்சுக்கோங்க. அடுத்த பிட்டை மாட்டித் திரும்பச் செட்டரைத் தொடுங்க. இப்ப மைனஸ் 79.15 காட்டுது. அதாவது 3.25 மிமீ முன்னாடியே தொட்டுடுச்சு, புது பிட் அவ்வளவு நீளம். அப்ப மரத்துக்கான ஜீரோவையும் 3.25 மேல ஏத்தணும்: மைனஸ் 60.85. மரத்தைத் திரும்பத் தொடவே வேண்டாம். நிறைய கன்ட்ரோலர்கள் இந்தக் கழித்தலைத் தாங்களே பண்ணிடும். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிருந்தாதான் தப்பு வந்தா பிடிக்க முடியும்.

3018 வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அந்த மெஷின்கள்ல பெரும்பாலும் கிரிபிள்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கும். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் ஆரம்பிச்சது. ஜி-கோட்ல 'பிட்டை மாத்து'ங்கிறதுக்கு எம்6னு ஒரு கட்டளை உண்டு. கிரிபிள் 1.1 அதை ஏத்துக்காது, எரர் 20னு சொல்லி நின்னுடும். அதனால ஒவ்வொரு பிட்டுக்கும் தனி ஃபைல் எடுங்க. பேரையும் 'ஒண்ணு, ரஃப், 6 மிமீ', 'ரெண்டு, ஃபினிஷ், 3 மிமீ பால்'னு வைங்க. கன்ட்ரோலர் எதுவா இருந்தாலும் எங்க பட்டறையில இதுதான் வழக்கம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துலயும் ஃபைல் மாறாது.

காலெட்டும் ரெண்டு ஸ்பேனரும்

இப்ப கையால மாத்துற வேலை. பிட்டைப் பிடிக்கிற பிளந்த உலோகக் குழாய்தான் காலெட். எங்க மெஷின்ல இருக்கிறது ஈஆர்20. இந்த ஈஆர் வகையை 1970-களில் கொண்டுவந்தது ஸ்விட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் கம்பெனி. இன்னைக்கு உலகம் முழுக்க இதுதான் ஓடுது.

காலெட்டை நேரா ஸ்பிண்டில்ல சொருகாதீங்க. முதல்ல நட்டுக்குள்ள சாய்ச்சு அழுத்தினா 'டக்'னு உட்காரும். அப்புறம்தான் நட்டோட சேர்த்து ஸ்பிண்டில்ல மாட்டணும். இல்லைன்னா காலெட் கோணி நிக்கும், பிட் ஆடும், கழட்டும்போது காலெட் உள்ளயே மாட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் காலெட்டுக்குள்ள இருக்கிற மரத்தூளைப் பிரஷ்ஷால தட்டுங்க. பிட்டோட தண்டு காலெட்டை முழுசா நிரப்பணும், ஆனா வெட்டுற பள்ளம் உள்ள போயிடக் கூடாது. கால் அங்குலத் தண்டு 6.35 மிமீ. அதை 6 மிமீ காலெட்டுக்குள்ள திணிக்காதீங்க, 7 மிமீ காலெட் போடுங்க.

நட்டை முறுக்கும்போது காலெட் மேல இழுபடும், பிட்டும் கூடவே ஏறும். அதனால முறுக்கி முடிச்ச பிறகுதான் ஜீரோ எடுக்கணும். எடுத்துட்டு 'இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுவோம்'னு கை வைச்சா, அந்த ஜீரோ செல்லாது.

ரெண்டு ஸ்பேனரையும் ஒரு கைக்குள்ள வர்ற மாதிரி வச்சு, கத்தரிக்கோல் மாதிரி நெருக்கிப் பிடிச்சு முறுக்குங்க. ஒரே ஸ்பேனரைப் போட்டுத் தள்ளினா மொத்த மெஷினும் நகரும், எக்ஸ், ஒய் ஜீரோவும் போயிடும். அதே காரணத்துக்காகப் பிட் மாத்தும்போது மோட்டாருக்கு வர்ற கரண்ட்டை நிறுத்தாதீங்க. அந்தக் கரண்ட்தான் மெஷினை அந்த இடத்துல பிடிச்சு வச்சிருக்கு. எக்ஸ், ஒய், இசட் எண்களை நோட்டுல எழுதி வைங்க. கரண்ட் போனாலும், மெஷின்ல ஹோமிங் சுவிட்ச் இருந்தா, அந்த எண்களை வச்சுத் திரும்ப வந்துடலாம்.

பாதுகாப்புக்கு ரெண்டே வார்த்தை. ஃபைலை பாஸ் பண்ணினா ஸ்பிண்டில் நின்னுடுச்சுன்னு அர்த்தம் இல்லை. தனியா ஆஃப் பண்ணி, சுத்துறது முழுசா அடங்கினதைக் கண்ணால பார்த்த பிறகுதான் கை போகணும். எங்க சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சிருக்கோம், ஸ்பேனருக்கு. ரெண்டு ஸ்பேனரும் ஆணியில தொங்குறதைப் பார்க்காம யாரும் ஸ்டார்ட் அமுக்கக் கூடாது. நட்டுல ஸ்பேனரை மறந்துட்டு நிமிஷத்துக்கு 18,000 சுத்து விட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுவுல உடைஞ்சா

வேலை நடுவுல பிட் உடைஞ்சா, ஜீரோ எடுத்த பிறகு உடனே ஸ்டார்ட் அமுக்காதீங்க. ஜீரோவை அரை மிமீ மேல தூக்கி வைங்க. உடைஞ்ச வரிக்கு முன்னாடி, ஏற்கெனவே செதுக்கி முடிச்ச இடத்துல ஓட விடுங்க. காத்துல ஓடும். 0.1, 0.1 மிமீயா இறக்குங்க. பழைய மேல்மட்டத்துல மாவு மாதிரித் தூள் வர ஆரம்பிக்கும். அங்க நிறுத்துங்க, அதுதான் பழைய ஜீரோ. பிட் மேல நின்னா நேரம்தான் போகும், கீழ போனா மரம் போயிடும். சந்தேகம்னா எப்பவும் மேல நில்லுங்க. முதல் பத்து நிமிஷம் பக்கத்துலயே இருங்க. சாப்பாடு எங்கயும் ஓடிடாது.

"தானா பிட் மாத்துற மெஷின் வாங்கிட்டா இந்தத் தொல்லை இல்லையே?"ன்னு கேட்பீங்க. அமெரிக்காவுல எம்ஐடி எண் கட்டுப்பாட்டு மெஷினை 1952இல் ஓட்டிக் காட்டுச்சு. அந்தப் பத்தாண்டு முடியுறதுக்குள்ளயே கியர்னி அண்ட் டிரெக்கர் கம்பெனி தானா டூல் மாத்துற மெஷினைக் கொண்டு வந்துடுச்சு. இருந்தும் சின்னப் பட்டறைகள்ல இன்னைக்கும் ஸ்பேனர்தான். அந்த ஸ்பிண்டிலுக்குக் காசு வேணும், கம்ப்ரஸர் வேணும், காத்துல ஈரம் இல்லாமப் பார்த்துக்கணும். அதோட அந்த மெஷின்லயும் ஒவ்வொரு பிட்டோட நீளத்தையும் யாரோ ஒருத்தர் ஒரே இடத்துல அளந்து பதிஞ்சிருக்கணும். கை வேலை குறையும், விதி அதேதான்.

கதவைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்னைக்கு, டீச்சரம்மா கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். மறைச்சிருக்கலாம், தெரிஞ்சிருக்காது. ஆனா அது அவங்க அப்பா வீட்டு மரம். அவங்க விரலால ஒண்ணு ரெண்டுன்னு நிலைகளை எண்ணிக்கிட்டே மேல போனாங்க. ஏழுல நின்னு, "ஆணி எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. ஒட்டுத் துண்டைக் காட்டினேன். "லாந்தர் மாட்டின ஆணியா இருக்கும்"னு சொல்லிட்டுப் பதினொண்ணு வரைக்கும் எண்ணி முடிச்சாங்க.

கோயம்புத்தூர் தம்பி, அடுத்த வேலைக்கு முன்னாடி பெட்ல ஒரு இடத்தைக் குறிச்சு வைங்க. எல்லாப் பிட்டும் அதையே தொடட்டும். எப்படி வந்துச்சுன்னு இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல மரத்தூள் பத்திப் பேசலாம்.